கத்திப் பிடியில் இடுக்கு விழுவது ஏன்?

கேள்வி: முதல்முறையாக ஒரு கத்தி செய்தேன். இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, எப்பாக்ஸி தடவி, கிளாம்ப் போட்டு நன்றாக இறுக்கினேன். இரண்டு மாதத்தில் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடுக்கு விழுந்துவிட்டது. பசை சரியில்லையா, மரம் சரியில்லையா?

பதில்: பிடியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மரத்தைத் தாண்டி இரும்பு துருத்திக்கொண்டு தட்டுப்பட்டால், ஒட்டிய பிறகுதான் மரம் காய்ந்திருக்கிறது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது நீளவாக்கில் அரை சதவீதம்கூடச் சுருங்காது. ஆனால் குறுக்கே பல மரங்கள் 4 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். இரும்பு அப்படியே இருக்கும், பசை எவ்வளவு நேரம் தாங்கும்?

அடுத்தமுறை, துண்டுகளைத் தேவைக்குக் கொஞ்சம் கனமாகவே அறுத்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். வாரம் ஒருமுறை தராசில் எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகு இழையுங்கள். காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டு முடிவு செய்ய வேண்டாம்; தராசை நம்புங்கள்.

ஓரம் சமமாகவே இருந்து, மரம் மட்டும் கழன்றிருந்தால் பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். இரும்பு பளிச்சென்று இருந்தால் அதில் எண்ணெய்ப்பசை இருந்திருக்கும், அல்லது மேற்பரப்பு அளவுக்கு மீறி வழவழப்பாக இருந்திருக்கும். 80-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்த பின் அங்கே விரல் படவே கூடாது. மரத்தின் பக்கம் சுத்தமாக விட்டிருந்தால் அது தேக்கு, ஈட்டி போல எண்ணெய் உள்ள மரமாக இருக்கலாம். ஒட்டுவதற்குச் சற்று முன் அதையும் துடைத்து, உலர்ந்ததும் ஒட்டிவிடுங்கள்.

"நன்றாக இறுக்கினேன்" என்கிறீர்களே, என் சந்தேகம் அதில்தான். அதிகம் இறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். மரம் அசையாமல் நின்றால் போதும். பிடிக்குள் மறையும் இரும்பில் நாலைந்து துளை கூடுதலாகப் போட்டால் பசை அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் (இரும்பைக் கடினப்படுத்தும் முன்பே போட்டுவிடுங்கள்). ஐந்து நிமிட எப்பாக்ஸியைவிட ஒரு நாள் காயும் வகையே நல்லது.

அப்புறம், பிடியை மெஷினில் தேய்க்கும்போது கையுறை வேண்டாம். மரத்தையும் இரும்பையும் சேர்த்துப் பிடிக்க உள்ளே பித்தளைப் பின் (ஆணி போன்ற கம்பித்துண்டு) போட்டிருந்தால், அது சூட்டை நேராகப் பசைக்குக் கடத்தும். கையில் சுட்டால் உடனே நிறுத்தி ஆறவிடுங்கள்.

இப்போதுள்ள இடுக்கில் பசை ஊற்றி அடைக்காதீர்கள். ஈரம் உள்ளே தங்கித் துரு பிடிக்கும். கத்தியின் வாயில் கனமாக டேப் சுற்றிவிட்டு, பின்கள் இருந்தால் அவற்றைத் துளைத்து எடுத்து, மரத்தைக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள்.