வாசகர் கேள்வி – பதில்: கன்னத்தின் உட்புறம்

கேள்வி: ஆய்வுகூடத்தில் கன்னத்துக் கலங்களைப் பார்த்தோம். புத்தகப் படத்தில் அடுக்கடுக்காக இருக்கிறது; எங்களுக்கு மடிந்த துண்டுகள்தான் தெரிந்தன. கருவையும் காணவில்லை. ஏன்?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கள் பார்த்தது சரியான கலங்களைத்தான். புத்தகப் படம் இழையத்தைக் குறுக்காக வெட்டிய தோற்றம். கன்னத்தின் உட்புறம் படைகொண்ட செதின் மேலணி, அதாவது தட்டையான கலங்கள் பல அடுக்காக அமைந்த மேலுறை. அடியிலுள்ள கலங்கள் பிரிந்து பெருக, பழையவை மேலே தள்ளப்பட்டுத் தட்டையாகின்றன. தேய்க்கும்போது வருவது உதிரப்போகும் மேற்படை மட்டும். அந்தக் கலங்கள் மிக மெல்லியவை, அதனால் மடிகின்றன.

கரு தெரியாததற்குப் பெரும்பாலும் சாயமும் வெளிச்சமும்தான் காரணம். வாயைக் கொப்பளித்துவிட்டு, புதிய கொட்டன் பட்ஸால் மெதுவாகத் தேய்த்து, வழுக்கியில் (கண்ணாடித் தட்டில்) விட்ட 0.9% உப்புக் கரைசல் துளியில் பரப்புங்கள். மெதிலீன் நீலம் ஒரு சிறு துளி போதும். கூடினால் எல்லாமே நீலமாகிவிடும். அதன்மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான மூடித்துண்டின் ஒரு ஓரத்தை முதலில் தொடவைத்து, சரித்து மெல்ல இறக்குங்கள். நேரே போட்டால் காற்றுக்குமிழ் சிக்கும். கறுத்த விளிம்புள்ள அந்த வட்டங்களையே கலமென்று வரைந்துவிடுகிற பிள்ளைகள் நிறைய. நுணுக்குக்காட்டியின் 10 மடங்குப் பொருள்வில்லையில் தனியாகக் கிடக்கும் ஒரு கலத்தைப் பிடித்த பிறகு 40க்கு மாறுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒளித்திரையைச் சற்று மூடினால் கரு தெளிவாகும்.

கேள்வி: வாதனாளியின் (மூச்சுக்குழாயின்) மேலணியில் கருக்கள் மேலும் கீழுமாக இருந்தும் ஏன் அது பல படையல்ல, ‘போலிப்படை’?
– மாணவர், கல்முனை

பதில்: கருக்களை எண்ணாதீர்கள், கலங்கள் அமர்ந்திருக்கும் அடித்தள மென்சவ்வைப் பாருங்கள். அங்கே எல்லாக் கலங்களும் அதைத் தொடுகின்றன. சில மட்டும் மேற்பரப்பை எட்டுவதில்லை. ஆகவே படை ஒன்றுதான்.

கேள்வி: அம்மம்மா புகையிலையை விட்டிட்டா. இப்ப வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும்தான். பயமில்லைதானே?
– வாசகி, திருக்கோவில்

பதில்: பயம் போகவில்லை, அம்மா. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கன்னத்து மேலணியில் வழமையாகக் கெரற்றின் (தோலிலும் நகத்திலும் உள்ள கடினமான புரதம்) படை இல்லை. ஓயாத உரசலும் சுண்ணாம்பின் காரமும் பாக்கின் இரசாயனமும் சேரும்போது கெரற்றின் படிந்து வெள்ளைத் திட்டு வரலாம். மேலணிக்குக் கீழுள்ள இழையமும் நார்பிடித்து இறுகும். அப்போது உறைப்பு எரியும், வாய் முழுதாகத் திறக்காது. அவவின் மூன்று விரல்களை நிறுத்தி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலும், துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலும், அரச வைத்தியசாலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நோகவில்லை என்று விட்டுவிட வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது.