வாசகர் கேள்வி பதில்: ஊர் திரும்பும் முன் ஒரு ஜியோகேஷ்

கேள்வி: இரண்டு மாதம் டென்வரில் மகள் வீட்டில் இருப்பேன். பேரனுக்கு ஜியோகேஷிங் என்றால் உயிர். யெல்லோஸ்டோன் போகும்போது நாங்களே ஒரு பெட்டி ஒளித்துவைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த ‘கேஷ்’ காசு இல்லை. ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு வரும் விளையாட்டு. 2000 மே மாதம் ஆரிகனில் தொடங்கியது.

யெல்லோஸ்டோனில் பெட்டி வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் ஒரு பொருளை 24 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்டுப்போவதே பொதுவாக விதிமீறல். விலக்கு தர அந்தப் பூங்காவின் சூப்பரின்டெண்டென்ட்டால்தான் முடியும். அவரே தலையசைத்தாலும், ஜியோகேஷிங் தளத்தில் வெளியிடும் முன் சரிபார்க்கும் ரிவ்யூவர், ‘நனைந்த தாளை யார் மாற்றுவார்கள்?’ என்று கேட்பார். விடுமுறையில் வைத்துவிட்டுப் போகும் பெட்டிகள் பெரும்பாலும் நிராகரிக்கப்படுவது இதனால்தான். மூடி சரியாகப் பொருந்தாத டப்பா ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

மகள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஜியோகேஷிங் தளத்தில் அவர் பெயரில் உள்ள கணக்கிலேயே வையுங்கள். பராமரிப்புக்கு ஆள் கிடைத்துவிட்டது. முதலில் நிலம் யாருடையது என்று கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) இணைய நில வரைபடத்தில் பாருங்கள். ஒரே நடைபாதையில் பாதி நகராட்சிக்கும் மீதி கவுன்ட்டிக்கும் சொந்தமாக இருக்கலாம். பிறகு பூங்காத் துறைக்கு மின்னஞ்சல்: அட்சரேகை தீர்க்கரேகை, இடத்தின் படம், டப்பாவின் படமும் அளவும், பாதையிலிருந்து எத்தனை அடி, மகளின் தொலைபேசி எண், சொன்னால் உடனே எடுத்துவிடுவோம் என்ற உறுதி. மண்ணைத் தோண்ட மாட்டோம் என்பதையும் எழுதுங்கள். அவர்களின் முதல் பயமே அதுதான்.

விண்ணப்பிக்கும் முன் இடம் காலியா என்று ரிவ்யூவரிடம் கேட்டுவிடுவது நல்லது. இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் வேண்டும். புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியவரும் ‘புதிர் கேஷ்’களின் உண்மையான இடம் வரைபடத்தில் தெரியாது. அனுமதி வாங்கிய பிறகு அதில் முட்டிக்கொள்பவர்கள் பலர்.

டப்பா ஒளி ஊடுருவக்கூடியதாக இருக்கட்டும்; மேலே ‘ஜியோகேஷ்’ என்று பெரிதாக ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். பிவிசி குழாய் வேண்டாம், பார்ப்பவர் வெடிகுண்டு என்று நினைத்து போலீஸை அழைத்துவிடுவார். தாளை ஜிப் பையில் போட்டு, பேனாவுக்குப் பதில் பென்சில் வையுங்கள். டென்வர் குளிரில் மை உறைந்துவிடும். மிட்டாய் வைத்தால் மனிதருக்கு முன் விலங்குதான் கண்டுபிடிக்கும்.

கேள்வி: யெல்லோஸ்டோனில் எதுவுமே முடியாதா?
– அதே வாசகி

பதில்: ‘எர்த்கேஷ்’ முயலலாம். அதில் பெட்டியே கிடையாது. ஒரு நில அமைப்பைக் காட்டி, நேரில் பார்த்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்பீர்கள். வந்தவர்கள் விடைகளை உங்களுக்கு அனுப்புவார்கள். நனைய ஒன்றும் இல்லாததால் திருச்சியில் இருந்தே நடத்தலாம். ஆனால் பூங்காவின் ஒப்புதல் இதற்கும் வேண்டும். பலகைப் பாதையில் நின்றபடியே இடத்தைக் குறியுங்கள். வெந்நீர் ஊற்றுப் பகுதிகளில் பாதையை விட்டு இறங்குவது சட்டப்படி குற்றம். மேலோடு மெல்லியது, கீழே கொதிக்கும் நீர்.

கேள்வி: அனுமதி கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்குப் பூங்கா அலுவலகம் பதிலே போடவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. தொலைபேசியில் கேளுங்கள். ரேஞ்சர் (பூங்கா அதிகாரி) வாய்மொழியாகச் சரி என்றால், அவர் பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு, ‘இன்று பேசியபடி’ என்று தொடங்கி அன்றே அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ரிவ்யூவருக்கான குறிப்பில் அந்தப் பெயர், பதவி, தேதி மூன்றையும் எழுதுங்கள்.