மேனேஜர் ‘ரிஃபைன்’ பண்ணச் சொன்னால் என்ன செய்வது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். லண்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த டாக்குமெண்ட் அனுப்பினாலும் மேனேஜர் “லுக்ஸ் குட், ஜஸ்ட் ரிஃபைன் இட் எ பிட்” என்கிறார். நீங்கள் ராத்திரி கண்விழித்து முழுசாக மாற்றி எழுதி அனுப்பினால், காலையில் “வை டிட் யூ சேஞ்ச் எவ்ரிதிங்?” என்று கேட்கிறார். இவர் பாராட்டுகிறாரா, குறை சொல்கிறாரா என்றே தெரியவில்லை என்கிறீர்கள்.

பாராட்டுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதவு செய்து முடிக்கிற நேரத்தில் ஆசாரி கடைசியாக ஒருமுறை இழைப்புளி போடுவாரே, அந்த வேலையைத்தான் அவர் கேட்டார். நீங்கள் மரத்தையே மாற்றிவிட்டீர்கள்.

ரிஃபைன் என்பதன் பழைய பொருள் உலோகத்தைப் புடம் போடுவது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் ஏசாயா 48-ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. தமிழ் பைபிள் அதே இடத்தில் ‘புடமிட்டேன்’ என்கிறது. தங்கம் தங்கமாகவே இருக்கும், கசடு மட்டும் போகும். சர்க்கரைக்கும் கச்சா எண்ணெய்க்கும் இதே சொல்தான். ஈஸ்ட் ஹாம் பக்கம் வீடு பார்ப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா, ஒருநாள் சிட்டி ஏர்போர்ட் வழியாக டிஎல்ஆர் ரயிலில் போய்ப் பாருங்கள். அந்த சில்வர்டவுன் பகுதியில் டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலை ஆற்றோரமாக நிற்கும். 1878-இல் ஹென்றி டேட் தொடங்கியது. கப்பலில் பழுப்பாக வந்து இறங்குவது அங்கிருந்து வெள்ளையாக வெளியே போகிறது. உள்ளே போனதும் சர்க்கரை, வெளியே வருவதும் சர்க்கரை. இங்கே எல்லாக் கடையிலும் டப்பாவில் விற்கிற கோல்டன் சிரப்கூட சர்க்கரை சுத்திகரிப்பில் மிஞ்சிய பாகிலிருந்து பிறந்ததுதான்.

ஆபீசிலும் இதே கணக்கு. உங்கள் மேனேஜர் அந்தச் சொல்லைப் போட்டார் என்றால் அடிப்படையை ஏற்றுக்கொண்டுவிட்டார். ஒரு உதாரணம். “இந்த வேலை 2 முதல் 6 வாரம் ஆகும்” என்று எஸ்டிமேட் கொடுக்கிறீர்கள். “கேன் யூ ரிஃபைன் தட்?” என்கிறார். நாள்களைக் குறைக்கச் சொல்வதாக நினைத்து, பயந்துபோய் “சரி, 2 வாரத்தில் முடிக்கிறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2-க்கும் 6-க்கும் நடுவில் இடைவெளி அதிகம், அதைச் சுருக்கு என்பதுதான் கேள்வி. எந்தப் பகுதி தெரியாததால் 6 என்று போட்டீர்களோ, அதை விசாரித்துவிட்டு “4 முதல் 5” என்று சொன்னால் போதும். விசாரித்த பிறகு “5 முதல் 6” என்று வந்தாலும் அதுவும் ரிஃபைன் செய்ததுதான்.

வீடு தேடும் தளங்களில் ‘ரிஃபைன் யுவர் சர்ச்’ என்று பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த வகைதான். புதிதாகத் தேடச் சொல்லவில்லை. வாடகை, அறை எண்ணிக்கை, ஸ்டேஷன் தூரம் போட்டு, வந்த பட்டியலையே வடிகட்டிக்கொள் என்கிறது.

அப்புறம், காலண்டரில் ‘ரிஃபைன்மென்ட்’ என்று ஒரு மீட்டிங் வருகிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்க்ரம், அதாவது வேலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் முறையில் இயங்கும் டீம்களில் இது சாதாரணம். அடுத்து செய்யப்போகும் வேலைகளை எடுத்துப் பேசி, பெரியதை உடைத்து, எது முடிந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம் என்று எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய வேலை என்று கணிப்பார்கள். முன்பு இதற்கு ‘க்ரூமிங்’ என்று பெயர். இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால், குழந்தைகளை ஏமாற்றி வசப்படுத்தும் குற்றம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2013-இல் ஸ்க்ரம் கையேடும் ரிஃபைன்மென்ட்டுக்கு மாறிவிட்டது. ஊரில் பழைய டீமில் பேசிய பழக்கத்தில் இங்கே வாய்தவறி க்ரூமிங் என்று சொல்லாதீர்கள். இந்த மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான் தப்பு. “இது எனக்குப் புரியவில்லை” என்று சொல்வதற்காகவே கூட்டுகிறார்கள்.

நீங்கள் எழுதிய வரி ஒன்றில் ‘வாட்டர் ரிஃபைனிங் பிளான்ட்’ என்று பார்த்தேன். தமிழில் நீருக்கும் சுத்திகரிப்பு, எண்ணெய்க்கும் சுத்திகரிப்பு என்பதால் வரும் குழப்பம் இது. ஆங்கிலத்தில் தண்ணீரை ப்யூரிஃபை செய்வார்கள், ட்ரீட் செய்வார்கள். ரிஃபைன் செய்ய மாட்டார்கள். டேட்டாவில் குப்பை இருந்தால் க்ளீன். ரிஃபைன் என்றால் ஏற்கெனவே தேறியதை இன்னும் நுணுக்கமாக்குவது.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் இது இப்போது கெட்ட சொல். ரிஃபைண்ட் சுகர், ரிஃபைண்ட் கார்ப்ஸ் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் நம் ஊர் விளம்பரங்களில் ரீஃபைண்ட் ஆயில் என்றால் என்ன ஒரு கௌரவம்! இப்போது எல்லாரும் செக்கெண்ணெய்க்குத் திரும்பிவிட்டார்கள், அது வேறு கதை.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய சொற்கள் வேறு. “ஐ திங்க் இட் நீட்ஸ் எ ரீதிங்க்”, “நாட் குவைட் தேர் யெட்”. சிரித்துக்கொண்டே மெதுவாகச் சொல்வார்கள். அப்போதுதான் ராத்திரி கண்விழிக்கும் வேலை.

அடுத்த முறை ரிஃபைன் என்றால், “எனி பார்ட் இன் பர்டிகுலர்?” என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் காட்டும் பத்தியில் இருமுறை வரும் விஷயத்தை ஒருமுறையாக்குங்கள், ‘விரைவில்’ என்று இருக்கும் இடத்தில் தேதியைப் போடுங்கள், தலைப்புகளையும் வரிசையையும் தொடாதீர்கள். மாற்றங்களைத் தனியாகக் காட்டும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ வசதியை ஆன் செய்துவிட்டுத் திருத்துங்கள். அனுப்பும் மெயிலில் எந்தப் பகுதியைத் தொட்டீர்கள், மற்றது அப்படியே இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அவர் அந்த இடத்தை மட்டும் பார்த்து ஓகே சொல்லிவிடுவார்.