ரசிகர் குழுவில் அரசியல் சண்டை: அட்மின் என்ன செய்யலாம்?

கேள்வி: சி.எஸ்.கே. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு நான் அட்மின். எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், இலங்கைத் தமிழர்களும் உண்டு. 'அரசியல் பேசக் கூடாது' என்று விதி போட்டும் மேட்ச் முடிந்த ராத்திரிகளில் பேச்சு சாதி, மதம் வரை போய்விடுகிறது. யாரையாவது நீக்கினால், "நீ அந்தக் கட்சி, அதான்" என்கிறார்கள். யாரோ போட்ட பதிவுக்காக என் மேல் வழக்கு வருமா?

பதில்: முதல் வேலையாக அந்த விதியை எடுத்துவிடுங்கள். சென்னை அணியின் கதையில் அரசியலைக் கழித்துவிட்டுப் பேச முடியாது. 2013இல் இலங்கை வீரர்கள் சேப்பாக்கத்தில் ஆட முடியாமல் போனது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது மைதானத்துக்குள்ளேயே செருப்பு பறந்தது. மிச்சமிருந்த ஆறு சென்னை ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. 2022 ஏலத்தில் இலங்கைப் பந்துவீச்சாளர் தீக்‌ஷனாவை எடுத்ததும் அணியைப் புறக்கணிக்கச் சொல்லி ஹேஷ்டேக் ஓடியது. இதையெல்லாம் ரசிகர்கள் பேசத்தான் செய்வார்கள். தினமும் மீறப்படும் விதியை வைத்துக்கொண்டு நீங்கள் சிலரை மட்டும் பிடிக்கிறீர்கள். 'நீ அந்தக் கட்சி' என்ற பேச்சு பிறப்பதே அங்கேதான்.

அதற்குப் பதில் இரண்டு கேள்விகள் போதும். இந்தப் பதிவுக்கும் அணிக்கோ ஆட்டத்துக்கோ தொடர்பு உண்டா? இது ஒரு முடிவை விமர்சிக்கிறதா, இல்லை ஒரு கூட்டத்தையே திட்டுகிறதா? "தீக்‌ஷனாவை எடுத்திருக்கக் கூடாது, ஈழத்தில் நடந்ததை மறக்க முடியாது" என்று ஒருவர் எழுதினால் அது இருக்கட்டும். "விளையாட்டு வீரரை அரசின் குற்றத்துக்குத் தண்டிக்காதீர்கள்" என்ற பதிலும் இருக்கட்டும். "இவனை ஆதரிக்கிறவன் எல்லாம் துரோகி" என்றால் அந்தப் பதிவைத் தூக்கிவிடுங்கள். உங்கள் குழுவில் அந்தப் போரில் சொந்தங்களை இழந்தவர்களும் இருக்கலாம். அவர்கள் கோபமாக எழுதுவதும், வம்புக்காக ஒருவர் அவர்களைச் சீண்டுவதும் ஒன்றல்ல.

சாதி, மதத்தை வைத்து வசைபாடுவதற்கு மட்டும் எச்சரிக்கை வேண்டாம், நேரே நீக்கம்தான். 2021 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் தோற்றதும் முகமது ஷமியை மதத்தைச் சொல்லித் திட்டினார்களே, அந்த ரகத்துக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுத்தால், அடி வாங்கியவர்கள்தான் சத்தமில்லாமல் வெளியேறுவார்கள். மற்றத் தவறுகளுக்குத் தனி மெசேஜில் பேசுங்கள். பொதுவில் கண்டித்தால் அவருக்கும் ரோஷம் வரும், அவர் ஆட்களுக்கும் வரும்.

சண்டை பெரும்பாலும் தோற்ற இரவில் மூள்கிறது என்பதால் நேரத்தையும் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம். குழு அமைப்புகளில் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று மாற்ற ஒரு வசதி உண்டு. சூடு ஏறினால் அரை மணி நேரம் பூட்டுங்கள். ஆனால் இப்படிப் பூட்டுவீர்கள் என்பதை சீசன் தொடங்கும்போதே அறிவித்திருக்க வேண்டும். திடீரென்று பூட்டினால், அதற்கும் ஒரு கட்சியின் பெயரைச் சொல்வார்கள்!

பாரபட்சப் பழிக்கு மருந்து இன்னொரு அட்மின்தான். உங்கள் அரசியலுக்கு நேர் எதிரான ஒருவரைப் போடுங்கள், முடிந்தால் இலங்கைத் தமிழர் ஒருவரையும். ஒருவரை நீக்க இரண்டு அட்மின்களின் சம்மதம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே இறங்கி வாதாடிய சண்டையில் தீர்ப்பு சொல்லும் வேலையை மற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

சரி, வழக்கு. அட்மினாக இருப்பதாலேயே உறுப்பினரின் பதிவுக்கு ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021இல் சொன்னது. கேரள உயர் நீதிமன்றமும் 2022இல் அதையே சொன்னது. பதிவிட்டவரோடு உங்களுக்குக் கூட்டு நோக்கம் இருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட பதிவை நீங்களே ஃபார்வர்டு செய்தாலும் அது உங்கள் பதிவுதான். புகார் வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் எல்லோருக்குமாக அழித்துவிடுங்கள். உறுப்பினர்களின் பதிவை அழிக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் குழுவில் கருத்துக் கேட்காமல் நேரே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.