உளுந்துக்குப் பணிந்த மோட்டார்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பிளெண்டரில் ஜூஸ் அருமையாக வருகிறது. உளுந்து மட்டும் ஏன் பொங்க மாட்டேன் என்கிறது? (வாசகி, சேலம்)

பதில்: பழத்தையும் பாலையும் சுழற்றச் செய்த எந்திரம் அது. பிளேடு வெட்டும், கல்தான் நசுக்கும். உளுந்து நசுங்கும்போதே காற்றையும் சேர்த்துக்கொண்டால்தான் நுரைத்து வரும். பிளேடின் வேகத்தில் மாவு சூடாகிவிடும், இட்லி தட்டையாகும். வேறு வழியில்லையென்றால் ஐஸ் தண்ணீர் விடுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், அரை நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கிரைண்டரில் ஒரு பங்கு உளுந்துக்கு 4 பங்கு அரிசி தாங்கும். பிளெண்டரில் 3 பங்கோடு நிறுத்துங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், மிதந்தால் பதம் சரி.

கேள்வி: மிக்ஸியும் கிரைண்டரும் வெளிநாட்டுச் சரக்கின் நகல்தானே? (வாசகர், திருச்சி)

பதில்: மிக்ஸி பாதி அப்படித்தான். ஆனால் விரலி மஞ்சளும் காய்ந்த மிளகாயும் தேங்காயும் ஐரோப்பிய மோட்டார்களைத் திணறடித்தன. 1960களில் பம்பாயில் பிறந்த சுமீத் நிறுவனத்தின் மிக்ஸி, வலுவான மோட்டாரோடு வந்ததற்குக் காரணம் நம் மசாலாதான். ஒரே எந்திரத்துக்குப் பெரிய ஜார், சின்ன சட்னி ஜார் என்று வைப்பதும் நம் சமையல் கேட்டு வாங்கியது.

கிரைண்டர் கதையே வேறு. ஆட்டுக்கல்லில் கல் அசையாது, கை குழவியைச் சுற்றும். கிரைண்டரில் அது தலைகீழ்: கல் சுற்றும், குழவி ஓரிடத்தில் நிற்கும். கனமான குழவியை மேலிருந்து பிடித்துச் சுழற்றுவதைவிட, கல்லை அடியிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டுவது எளிது. பஞ்சாலை, வார்ப்படப் பட்டறை, பம்புசெட் மோட்டார் மூன்றும் ஒரே ஊரில் இருந்ததால் கோவையில் இது வளர்ந்தது. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. 2011-இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை இலவசமாகவே கொடுத்தது. மாவாட்டும் வேலை பெண்கள் தலையில் இருந்ததால்தான் அது தேர்தல் வாக்குறுதியாக எடுபட்டது என்பது என் கணிப்பு. ஆண்கள் ஆட்டியிருந்தால் இன்னும் முன்பே வந்திருக்கும்!

கேள்வி: கிரைண்டர் உறுமுகிறது, சுற்றவில்லை. (வாசகி, மதுரை)

பதில்: மாவைக் குறைத்துப் பாருங்கள். காலி டிரம்மும் சுற்றாமல், கையால் லேசாகத் தள்ளிவிட்டால் ஓடுகிறதென்றால் கெபாசிட்டர் போயிருக்கும். மோட்டார் சுற்றி டிரம் மட்டும் நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கும்.

கேள்வி: மகளுக்கு அமெரிக்காவுக்கு இங்கிருந்தே கிரைண்டர் கொடுத்தனுப்பலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: 110 வோல்ட் மாடலாக வாங்கினால் தாராளமாக. நம்மூர் 230 வோல்ட் கிரைண்டரை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். அது வோல்ட்டை மட்டுமே மாற்றும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 துடிப்பு), இங்கே 50. கிரைண்டர் மோட்டார் அந்தத் துடிப்புக்கு ஏற்பச் சுற்றுவதால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும், மாவு சிதறும். மிக்ஸி மோட்டாருக்கு இந்த ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை. ஆனால் 750 வாட் மிக்ஸி என்றால் 1,500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அதைச் சுமந்துபோகும் எடைக்கு அங்கேயே மிக்ஸி வாங்கிவிடலாம்.