அடுப்பில் கிண்டுவதும் படிப்புதான்

அன்புள்ள அம்மாவுக்கு,

சேலத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கடன் வாங்கி மகளை நான்கு வருட டிசைன் படிப்பில் சேர்த்திருக்கிறீர்கள். விடுமுறைக்கு வந்தவள் கம்ப்யூட்டரைத் தொடாமல் மரவள்ளி மாவை அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்கிறாள், இப்படிப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கடன் கட்டப்போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விதான்.

அவள் கிண்டும்போது ஒரு நாள் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரு மேசைக்கரண்டி மாவு, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி கிளிசரின். அநேகமாக இந்தக் கணக்கில்தான் தொடங்கியிருப்பாள். சூடு ஏற ஏற, வெள்ளையாக இருந்த கரைசல் கூழ்வடகத்துக்குக் காய்ச்சும் கூழைப் போலக் கண்ணாடியாக மாறும். அதைத் தட்டில் மெல்லப் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவிட்டால் உரித்தெடுக்கக்கூடிய, பிளாஸ்டிக் போன்ற, ஆனால் மண்ணில் மக்கும் ஒரு தாள் கிடைக்கும். கிளிசரின் குறைந்தால் அது அப்பளம்போல நொறுங்கும், கூடினால் கையில் பிசுபிசுக்கும். நன்றாக வந்த தாளும் ஈரம் பட்டால் ஊறிப்போகும். அப்படியானால் இதில் தயிரைக் கட்ட முடியாது, உலர்ந்த பொருளைக் கட்டலாம். 'மக்கும்' என்ற சொல்லை விளம்பரத்தில் படித்தவருக்கும் இந்தத் தாளைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இப்படிப் பொருளைக் கையால் செய்து பார்த்துக் கற்பது புதிய முறையும் அல்ல. 1920களில் ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் யோசெஃப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர், மாணவர்கள் கையில் செய்தித்தாளைக் கொடுத்து ஏதாவது செய்யச் சொல்வார். கப்பலும் கோட்டையும் செய்தவர்களைவிட, தாளை நீளவாக்கில் மடித்து நிற்கவைத்த மாணவரைத்தான் அவர் பாராட்டினார். மடிப்பு விழுந்தால் மெல்லிய தாளுக்கும் முதுகெலும்பு வரும் என்பதை அந்த மாணவரின் கை கண்டுகொண்டிருந்தது.

வேலை கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. மாற்றுப் பொருள் தெரிந்த பேக்கேஜிங் வடிவமைப்பாளர் தேவைப்படுவது இதனால்தான். கார், வீட்டுச் சாதனங்கள் செய்யும் நிறுவனங்களில் நிறம், மூலப்பொருள், மேற்பூச்சு ஆகியவற்றை மட்டுமே கவனிக்கும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணிக்கு இந்தப் பழக்கம் நேரடியாக உதவும். அதற்காகக் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிடக் கூடாது. வரைகலை மென்பொருள் தெரியாமல் எந்த நேர்காணலையும் தாண்ட முடியாது, இதை அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நான் பார்த்தவரை மாணவர்கள் கோட்டைவிடும் இடம் வேறு. அழகாக வந்த ஒரு மாதிரியைப் படம் எடுத்துக்கொண்டு, கெட்டுப்போன பத்தையும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்துதான் சொத்து. ஒவ்வொரு துண்டிலும் தேதி, அளவு, காய்ந்த நாட்கள், எங்கே விரிசல் விட்டது என்று எழுதி ஒட்டிய ஒரு தடித்த நோட்டு, வேலைக்கு எடுப்பவர் கையில் நிச்சயம் நின்று பேசும். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். சோளம் முதலிய பயிர்களின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் கப்புகூட ஏறக்குறைய 58 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தொழில்முறை உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். நம் கொல்லைக் குழியில் அது அப்படியே கிடக்கும். காகிதக் கப்பின் உட்புறத்திலும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. இதையெல்லாம் கிழித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவளாக அவள் பேச வேண்டும்.

உங்கள் ஊர் அவளுக்குப் பெரிய வாய்ப்பு. அனுமதி கேட்டு மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையைப் போய்ப் பார்க்கட்டும். கிழங்கை அரைத்தபின் மிஞ்சும் திப்பி எங்கே போகிறது என்று விசாரிக்கட்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் பிரிக்கும் இடங்கள் இருக்கின்றன. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வாழைநாரைப் பற்றி அங்கே கேட்கலாம்.

அவளுக்கென்று ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். சாயமும் பசையும் கலந்த பாத்திரம் சமையலுக்குத் திரும்ப வேண்டாம். மாடியில் ஒரு மண்தொட்டியும் வேண்டும். அவள் செய்த தாள்களில் ஆளுக்கொரு துண்டாக இருவரும் புதைத்து, குச்சியில் தேதி எழுதிச் செருகுங்கள். கல்லூரி திறந்ததும் அவள் கிளம்பிவிடுவாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தோண்டிப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.