ராணி போட்ட முத்துக்கு ஏன் இந்த விலை? (வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் பழைய அரச நகைகளைப் பற்றி நாலு வரி எழுதினேன், அதற்கு வந்த கேள்விகள் ஒரு பக்கத்தையே பிடித்துக்கொண்டுவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கே: பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அடித்துக்கொண்டு போன நகைகளை யாரிடம் விற்க முடியும்? உலகமே படம் பார்த்துவிட்டதே! (திருச்சி வாசகர்)

ப: முழு நகையாக யாரிடமும் விற்க முடியாது. அது திருடினவனுக்கும் தெரியும். 2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை, அருங்காட்சியகம் திறந்து கொஞ்ச நேரத்தில், மாடிக்குச் சாமான் ஏற்றுகிற ஏணி வண்டியைத் தெருவிலேயே நிறுத்தி, ஜன்னலை அறுத்து, அரச நகைகளை வைத்திருந்த அப்போலோ கூடத்துக்குள் புகுந்து, பத்து நிமிடத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்துவிட்டார்கள். போனது எட்டு உருப்படி. மதிப்பு 88 மில்லியன் யூரோ என்றார்கள் அதிகாரிகள். அதில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனியின் முத்து டியாராவும் ஒன்று. டியாரா என்றால் தலையில் முன்பக்கம் மட்டும் நிற்கிற அரைக் கிரீடம். 212 முத்து, ஏறக்குறைய 2000 வைரம், 1853இல் அவள் கல்யாணத்தை ஒட்டிச் செய்தது. ஓடுகிற அவசரத்தில் யூஜெனியின் இன்னொரு கிரீடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள், அது நசுங்கிக் கிடைத்தது.

அந்த 88 மில்லியன் யூஜெனியின் பெயரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. கல்லைக் கழற்றிவிட்டால் அந்தப் பெயர் அங்கேயே உதிர்ந்துபோகும், மிஞ்சுவது வெறும் கேரட் கணக்கு. பெரிய வைரத்தை அடையாளம் தெரியாமலிருக்க மறுபடி பட்டை தீட்டினால் எடையும் போகும். திருடனுக்கு அதெல்லாம் கவலையில்லை, அவனுக்கு முதலீடு ஒரு ஏணி வண்டிதானே. இது புதுசும் இல்லை. 1785இல் பிரெஞ்சு ராணி மாரி அன்டோனெட் பெயரைச் சொல்லி ஒரு மோசடிக் கும்பல் 647 வைரம் பதித்த கழுத்தணி ஒன்றைப் பாரிஸ் நகைக்காரர்களிடமிருந்து வாங்கியது. ராணிக்கு அந்த மோசடியில் ஒரு சம்பந்தமும் இல்லை. வாங்கின கையோடு பிரித்துப்போட்டு, கற்களை லண்டனில் கொண்டுபோய் விற்றார்கள். நகை போனது, ஆனால் ராணிக்கு வந்த கெட்ட பெயர் கடைசி வரை போகவில்லை.

கே: அந்த டியாரா அரசாங்கச் சொத்துதானே? நடுவில் யாரோ ஒரு பிரபு குடும்பத்துப் பெண் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டதாகப் படித்தேனே, எப்படி? (மதுரை வாசகி)

ப: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1887 மே மாதம் பிரெஞ்சுக் குடியரசு அரசாங்கமே தன் அரச நகைகளைப் பொது ஏலத்தில் விட்டது. பணமுடை காரணமில்லை, கிரீடம் கைவசம் இருந்தால் நாளைக்கு எவனாவது அதை மாட்டிக்கொண்டு நான்தான் ராஜா என்று வந்து நிற்பான் என்கிற பயம். அரசியல் காரணத்துக்காக இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு நாடு செய்திருக்குமா என்று தெரியவில்லை, அமெரிக்காவின் டிஃபனி நகைக் கம்பெனி வந்து அள்ளிக்கொண்டு போனது. இந்த டியாரா ஜெர்மனியில் தூர்ன் உண்ட் டாக்சிஸ் என்கிற பிரபு குடும்பத்துக்குப் போய், 1980இல் அந்த வீட்டுக்கு வந்த மருமகள் தலையில் ஏறியது. 1992இல் குடும்பத்துக்குக் கடன் நெருக்கடி, ஜெனிவாவில் ஏலத்துக்கு வந்தது. லூவ்ர் நண்பர்கள் சங்கம் கை கொடுக்க, அருங்காட்சியகம் தன் சாமானையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. அப்படி மீட்டதைத்தான் இப்போது ஜன்னல் வழியாக விட்டார்கள்.

கே: மாரி அன்டோனெட்டின் ஒற்றை முத்து பல கோடிக்குப் போனதாமே. முத்தில் அப்படி என்ன இருக்கிறது? (கோயம்புத்தூர் வாசகி)

ப: நல்ல முத்துதான், சந்தேகமில்லை. நீர்த்துளி வடிவம், இரண்டரை சென்டிமீட்டர் உயரம், மேலே ஒரு வைரம், அதற்கு மேல் வைரம் பதித்த வில் முடிச்சு. 2018 நவம்பரில் ஜெனிவாவில் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோது ஒன்றிலிருந்து இரண்டு மில்லியன் டாலர் போகும் என்று எதிர்பார்த்தார்கள். போனது 36 மில்லியனுக்கு மேல்! அந்த வித்தியாசம் மொத்தமும் ராணி பெயருக்கு விழுந்த காசு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வெறும் பெயர் போதாது, வழித்தடம் வேண்டும். 1791இல், புரட்சிக்காரர்களிடமிருந்து தப்பி ஓடத் திட்டமிட்டிருந்த நாட்களில், ராணி தன் சொந்த நகைகளைப் பெட்டியில் அடுக்கி பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பினாள். அங்கிருந்து அவை பிறந்த வீடான வியன்னாவுக்குப் போயின. அவள் தலை 1793இல் போனது. பிள்ளைகளில் உயிர் பிழைத்த ஒரே மகள் விடுதலையாகி வியன்னா வந்தபோது பெட்டி அவள் கைக்குக் கிடைத்தது. அவளுக்குக் குழந்தை இல்லை, அதனால் அவள் வளர்த்த, கணவருடைய தம்பியின் பிள்ளைகள் வழியாக இத்தாலியின் பார்மா பிரபு குடும்பத்துக்குப் போய், 2018 வரை அந்த வீட்டிலேயே இருந்தது. இருநூறு வருஷத்துக்கு மேல் கை மாறின ஒவ்வொரு முறைக்கும் ஆள் பெயர் சொல்ல முடிகிறது. உங்கள் ஊரில் “இது ஜமீன் வீட்டு நகை” என்று எவனாவது கூடுதல் விலை சொன்னால், ஜமீன் சரி, எந்த ஜமீன், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

கே: இதில் நம் பக்கத்துச் சம்பந்தம் ஒன்றும் இல்லையா? (சென்னை வாசகர்)

ப: உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தோடு பக்கத்தில் சொந்த வியாபாரமும் பார்த்துக்கொண்டிருந்த ஆசாமி. கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் கிடைத்த 410 கேரட் பட்டை தீட்டாத வைரத்தை, ஜாம்சந்த் என்கிற வியாபாரி சென்னைக்குக் கொண்டுவந்தார். பேரம் பேசிப் பேசி 48,000 வராகனுக்கு முடித்தார் பிட். கல்லைக் கண்டெடுத்த சுரங்க அடிமை தன் காலில் வெட்டிக்கொண்டு அந்தக் காயத்துக்குள் ஒளித்து எடுத்துவந்தான், கப்பல்காரன் அவனைக் கொன்று பறித்தான் என்று ஒரு கதை உலவுகிறது. பெரிய வைரம் எதற்கும் இப்படி ஒரு ரத்தக் கதை ஒட்டிக்கொள்ளும், விலைக்கு அதுவும் உதவும்தானே.

லண்டனில் பட்டை தீட்டி முடித்தபோது 140 கேரட் சொச்சம் மிஞ்சியது. 1717இல் பிரான்சின் சிறுவயது ராஜாவுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர்லியான் பிரபு 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். அந்த ஆட்சிப் பதவியின் பெயர்தான் ‘ரீஜன்ட்’ என்று கல்லுக்கும் ஆனது. பதினைந்தாம் லூயியின் கிரீடத்தில் இருந்தது, நெப்போலியனின் வாளில் இருந்தது. 1792இல் புரட்சிக் குழப்பத்தில் திருடுபோய், அடுத்த வருஷம் பாரிஸில் ஒரு பரணில் அகப்பட்டது. 1887 ஏலத்தில் விற்காமல் தனியே எடுத்துவைத்தார்கள், 2025 திருட்டிலும் அதே கூடத்தில் இருந்தும் தப்பிவிட்டது. பிட்டின் லாபம் என்ன ஆனது என்கிறீர்களா? அவர் பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டிஷ் பிரதமர்கள் ஆனார்கள்.

கே: அந்தக் காலத்து ராணிகள் முத்தாகவே போட்டிருக்கிறார்கள், இப்போது முத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லையே? (தூத்துக்குடி வாசகர்)

ப: கொற்கை முத்து கண்ட மண்ணிலிருந்து இந்தக் கேள்வி வருவது சரிதான். வைரத்தைப் பளபளக்க வைக்கத் தெரியாத காலத்தில், சிப்பியிலிருந்து எடுத்த அன்றைக்கே போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தது முத்துதான். ஆயிரம் சிப்பி உடைத்தாலும் ஒரு ஆணிமுத்து கிடைப்பது சந்தேகம். 1917இல் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் ஒரு மாளிகையை கார்டியே நகைக் கம்பெனி எப்படி வாங்கியது தெரியுமா? இரண்டு சரம் முத்து மாலை, ரொக்கம் 100 டாலர். மாலையின் விலை அன்றைக்கு ஒரு மில்லியன் டாலர். அதே மாலை 1957இல் விற்றபோது ஒன்றரை லட்சம் டாலர் அளவுக்குத்தான் போனது. நடுவில் ஜப்பானியர் மிகிமோட்டோ சிப்பிக்குள் மணி வைத்து வளர்த்த வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்துவிட்டது, 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. உங்கள் ஊர்க் கடலிலும் 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. வீடு இன்னும் கார்டியேவிடம்தான் இருக்கிறது.

கே: பாட்டி கொடுத்த முத்துச் சரம் ஒன்று இருக்கிறது. அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (கும்பகோணம் வாசகி)

ப: பாதி பார்க்கலாம். ஒரு முத்தை முன்பல்லின் விளிம்பில் லேசாக உரசுங்கள், நறநறவென்று மணல் மாதிரி தட்டுப்பட்டால் முத்து, வழுக்கினால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. அப்புறம் பூதக்கண்ணாடியை வைத்து நூல் கோத்த துளைக்குள் பாருங்கள். வெளியே மெல்லிய தோல், உள்ளே வேறு நிறத்தில் ஒரு மணி, இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி தெரிந்தால் மணி வைத்து வளர்த்த முத்து. கோடு தெரியவில்லை என்பதால் மட்டும் இயற்கை முத்து என்று குதித்துவிடாதீர்கள், அதை எக்ஸ்ரே வசதியுள்ள ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில்தான் உறுதி செய்ய முடியும். சென்ட் அடித்துக்கொண்ட பிறகு சரத்தைப் போடுங்கள், கழற்றினதும் மெல்லிய துணியால் வியர்வையைத் துடைத்துவிடுங்கள். நூல் நைந்திருந்தால் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள், அறுந்தாலும் ஒன்றுதான் விழும்.

கே: இந்தியாவில் இப்படிப்பட்ட நகைகளை எங்கே போய்ப் பார்க்கலாம்? (வேலூர் வாசகர்)

ப: பார்க்க முடியாது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஹைதராபாத் நிஜாம்களின் 173 நகைகளை நம் அரசாங்கம் 1995இல் சுமார் 218 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. பாஸ்ரா முத்துச் சரங்கள், கோல்கொண்டா வைரங்கள், ஏழாம் நிஜாம் காகிதம் பறக்காமல் மேலே வைத்திருந்த 184 கேரட் ஜேக்கப் வைரம், எல்லாம் அதில் இருக்கின்றன. வாங்கி ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டார்கள். எப்போதாவது எடுத்துக் காட்டுவார்கள்; 2019இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பாதுகாப்புப் பயம் புரிகிறது, லூவ்ர் கதைக்கு அப்புறம் இன்னும் கூடும். ஆனாலும் மக்கள் காசில் வாங்கினதை மக்கள் பார்க்க ஹைதராபாத்தில் நிரந்தரமாக ஒரு கூடம் கட்டக் கூடாதா? அடுத்த முறை அறிவிப்பு வந்தால் இந்தப் பக்கத்தில் சொல்கிறேன், ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.